யாரும் கொடுக்காத விலை: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூமில் பதினோரு வருடம் டிவி விற்றவன் எழுதுகிறேன். 2022இல் அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது பீளமேட்டில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நான் டிவி விற்பதை விட்டாலும் டிவி என்னை விடுவதாக இல்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், பழைய வாடிக்கையாளர்கள் என்று யார் டிவி வாங்கப் போனாலும், கடையில் நின்றபடியே விலை அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். "வாங்கலாமா?" என்று ஒரு வார்த்தை. நான் பதில் போடும்வரை விற்பனைப் பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். பாவம், ஒரு காலத்தில் நானும் அப்படி நின்றவன்தான்.

2025 ஆடியில் என் தங்கை மகள் அனுப்பிய படத்தில் 43 அங்குல டிவி ஒன்று. 64,900 ரூபாய் என்று அச்சடித்து, அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 38,990. மூலையில் மஞ்சள் நட்சத்திரம் போட்டு உள்ளே '40% தள்ளுபடி'. அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "மாமா, 64,900 கொடுத்து இதை யாராவது வாங்கியிருப்பாங்களா?" என்று கேட்டிருந்தாள்.

பதினோரு வருடத்தில் பெட்டியில் அச்சடித்த அதிகபட்ச விலையான எம்.ஆர்.பி.யைக் கொடுத்து டிவி வாங்கிப்போன ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் கேட்டார். ஏதோ அலுவலகத்துக்கு வாங்க வந்தவர், பில்லில் எம்.ஆர்.பி.யையே போட்டுக் கொடுக்கச் சொன்னார். வித்தியாசம் யார் பைக்குப் போகும் என்பது புரிந்ததும் முதலாளி அவரைக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். சரி, அந்தக் கதை வேறு.

உங்களிடம் சொல்ல வந்தது அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி.

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் ஷோரூமில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது. ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம். பரோட்டா பார்சல் வரும். மேனேஜர் அச்சகத்திலிருந்து வந்த அட்டைக்கட்டைப் பிரிப்பார். டிவி வரிசையில் அதுவரை வெள்ளை அட்டை இருக்கும். அதில் மாடல் எண், அளவு, உதாரணத்துக்கு விலை 38,990 என்று மூன்று வரிதான். அதை உருவிவிட்டுப் புது அட்டையைச் செருகுவோம். புது அட்டையில் 64,900 மேலே வரும், அதன்மேல் கோடு வரும், நட்சத்திரம் வரும். அப்புறம் கீழே அதே 38,990 வரும். வேலை சேர்ந்த முதல் வருடம், அட்டை தவறாக அச்சாகி வந்துவிட்டதோ என்று மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணா, விலை மாறலை. ஆடி வந்திருக்கு" என்றார். எங்கள் ஊரில் சின்னவர்களையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

எல்லா டிவியும் அப்படி என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே விலை குறையும் மாடல்களும் உண்டு. புது மாடல் வரப்போகிறது, பழைய சரக்கு கோடவுனில் தங்கிவிட்டது, கம்பெனி ஸ்கீம் என்று கடைக்குக் கழிவு கொடுத்திருக்கிறது என்றால் ஐந்தாயிரம், எட்டாயிரம்கூட இறங்கும். அந்த அட்டையிலும் அதே சிவப்புக் கோடுதான், அதே நட்சத்திரம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது உண்மையில் இறங்கிய விலை, எது கோடு மட்டும் போட்ட விலை என்று வாங்க வந்தவரால் கண்டுபிடிக்க முடியாது. அட்டையைச் செருகிய எங்களுக்கு மட்டும் தெரியும்.

எம்.ஆர்.பி. வந்த காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு பொட்டலங்களில் விலையைப் போட்டு 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 'தனி' எவ்வளவு என்பதைக் கடைக்காரர் தன் மனசுப்படி முடிவு செய்வார். அதை நிறுத்தத்தான் 1990இல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று கொண்டுவந்தீர்கள். 2009இன் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குப் பிறகும், 2011இன் பொட்டலப் பொருட்கள் விதிகளுக்குப் பிறகும் அது அப்படியே தொடர்கிறது. நல்ல காரியம். பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், பாட்டிலைத் திருப்பி எம்.ஆர்.பி.யைக் காட்டிச் சண்டை போட முடிகிறதே, அது அந்த விதியால்தான்.

தண்ணீர் பாட்டிலில் எம்.ஆர்.பி.யும் விற்கும் விலையும் ஒன்றாகவோ ஒட்டியோ இருக்கின்றன. டிவியில் அந்த உறவே அறுந்துபோய்விட்டது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்று விதி சொல்கிறது. எம்.ஆர்.பி. எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தயாரிப்பாளர் மனசு வைத்தால் 43 அங்குல டிவிக்கு ஒரு லட்சம் என்றுகூட அட்டைப்பெட்டியில் அடிக்கலாம். கூரையை அவ்வளவு உயரத்தில் போட்டால் யார் தலையும் இடிக்காது. கொள்ளைக்குத் தடையாக வந்த எண், தள்ளுபடிக் கணக்குக்குத் தொடக்கப்புள்ளியாகிவிட்டது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. டிவி அளவு விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கறார்! கடையில் விற்பவன், வாங்குபவன், ஆட்டோவில் ஏற்றுபவன் என்று எல்லோரும் அங்குலத்தில்தான் பேசுகிறோம். பெட்டியிலும் விளம்பரத்திலும் மட்டும் '108 செ.மீ.' என்று சென்டிமீட்டரில் இருக்கும். 43 அங்குலம் என்று வாயால் சொல்வதைக் கணக்குப் போட்டால் 109 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். திரையை அளந்தால் 108தான், அதனால் பெட்டியில் 108. அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல விடுவதில்லை. அதே பெட்டியில் 26,000 ரூபாய் கூடுதலாக அச்சடித்தால் கேட்க ஆளில்லை. ஒருமுறை ஷோரூமுக்கு ஒரு ஆய்வாளர் வந்திருந்தார். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. குறித்துக்கொண்டு கிளம்பினார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. பார்க்கச் சொன்னதை ஒழுங்காகப் பார்த்தார். பத்தடி தள்ளி மஞ்சள் நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும்படி அவருக்கு எந்த விதியும் சொல்லவில்லை.

கோடு போட்டு அடித்த இந்த விலையால் மக்கள் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிட்டது. டீக்கடையில் டிவி விலைப் பேச்சு வந்தால் கேட்டுப் பாருங்கள். "அறுபத்தஞ்சை முப்பத்தொம்பதுக்குத் தர்றானே, அப்ப அவனுக்கு இருபதாயிரத்துலதான் அடங்கியிருக்கும்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத் தொண்டையில் டீ சிக்கும். உள்ளே நடக்கும் கணக்கே வேறு. எங்கள் தொழிலில் ஒரே டிவிக்கு நாலு விலை உண்டு. பெட்டியில் இருப்பது எம்.ஆர்.பி. அதை நாங்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனி எங்களுக்குப் பில் போடுவது டி.பி., அதாவது டீலர் விலை. இதற்குக் கீழே விற்காதே என்று கம்பெனி வாய்மொழியாகச் சொல்லிவைப்பது எம்.ஓ.பி. மாதக் கடைசியில் ஸ்கீம், இலக்குக்கான ஊக்கத்தொகை எல்லாம் கழிந்தபின் உண்மையில் கடைக்கு அடங்குவது நெட் லேண்டிங்.

அந்த 43 அங்குலத்தையே எடுத்துக்கொள்வோம். நான் இருந்த காலத்து நிலவரத்தை வைத்து, புரிவதற்காக ஒரு கணக்கு, எல்லாம் வரி சேர்த்து. டி.பி. 37,400 என்றால் எம்.ஓ.பி. 38,990 இருக்கும். ஸ்கீம் கழிந்தபின் நெட் லேண்டிங் 35,600 வாக்கில் நிற்கும். மூவாயிரத்து சொச்சம்தான் கையில். அதில்தான் கார்டு தேய்த்தால் வங்கிக்குப் போகும் கமிஷன், டெலிவரி வண்டி, கிராஸ்கட் ரோட்டு வாடகை, ஏ.சி. கரண்ட் பில், என் சம்பளம் எல்லாம். 40 சதவீதம் தள்ளுபடி என்று எழுதியிருக்கும் பொருளில் கடைக்குப் பத்து சதவீதம்கூட முழுசாக நிற்காது. கடைக்காரருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. பொய் விலையால் அவருக்கும் தலைவலிதான். எவ்வளவு குறைத்தாலும் இன்னும் உள்ளே இருக்கிறது என்றே வாடிக்கையாளர் நினைக்கிறார்.

அப்படியானால் யாருக்குத்தான் நஷ்டம்? இதற்கு நான் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சோமனூரிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு பேரும் விசைத்தறி வேலை. அவர்கள் வீட்டின் முதல் டிவி, 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணப்பெட்டி. அதுவரை டிவிக்கு விலை என்ற ஒன்றையே அவர்கள் சந்தித்ததில்லை. இரண்டாவது டிவி வாங்கத்தான் கடைப்படி ஏறியிருந்தார்கள். 32 அங்குலம் போதும் என்று சொல்லி, மஞ்சள்பையில் பணத்தைச் சுருட்டி எடுத்துவந்திருந்தார்கள். நான் அவர்களை 43 அங்குலம் இருக்கும் வரிசைக்குக் கூட்டிப்போனேன். அந்த மாதம் அந்த மாடலுக்கு விற்பவர் கையில் ஐந்நூறு ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது, மறைப்பானேன். அந்தம்மா அட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "அறுபத்தஞ்சாயிரம் டிவியையா இந்த விலைக்குத் தர்றீங்க? நீங்க நல்லா இருக்கோணும் தம்பி" என்றார். ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பாதி ரொக்கம், மீதி தவணை என்று எழுதிக்கொடுத்து வாங்கிப்போனார்கள். அடுத்த வாரம் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் அதே டிவிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார். எதிர்க்கடைக் கொட்டேஷனைக் காட்டினார், ஆன்லைன் விலையைக் காட்டினார், இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினார். 36,800க்கு முடித்தோம், சுவரில் மாட்டும் ஸ்டாண்டும் இலவசம்.

பேரம் பேசத் தெரிந்தவருக்கு அடித்த விலை ஒரு பொருட்டே இல்லை. அவர் அந்த எண்ணைப் பார்ப்பதுகூட இல்லை. அட்டையில் அச்சாகியிருந்தால் அது நிஜமாகத்தான் இருக்கும், அரசாங்கம் பார்க்காமலா விட்டிருக்கும் என்று நம்புகிறவர்தான் கேட்ட விலையை அப்படியே கொடுக்கிறார். 32 அங்குலத்துக்கு வந்தவர் 43க்குக் கடன் வாங்குவதும் அந்த நம்பிக்கையில்தான். அந்த ஐந்நூறு ரூபாயை நான் என்ன செய்தேன் என்பது நினைவில்லை. "நீங்க நல்லா இருக்கோணும்" மட்டும் அப்படியே நிற்கிறது.

டிவியில் இல்லாத லாபம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நூறு ரூபாய்க்குள் அடங்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளை 799க்கு விற்றிருக்கிறேன். ஸ்டெபிலைசர், ஸ்டாண்ட், கூடுதல் வாரண்டி என்று வாங்குபவர் களைத்துப்போன நேரத்தில் வரிசையாக எடுத்து வைப்போம். நாற்பதாயிரத்தில் ஆயிரம் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டியவர், கேபிளுக்கு எண்ணூறு ரூபாயைக் கேள்வியே இல்லாமல் கொடுப்பார். பழைய டிவிக்கு மாற்று என்பதும் இப்படித்தான். காயலான் கடைக்காரர் முந்நூறு ரூபாய் தரும் பழைய பெட்டிக்கு நாங்கள் மூவாயிரம் கொடுப்போம். பழைய பெட்டியே இல்லாமல் வருபவர் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அவருக்கும் அந்த மூவாயிரம் உண்டு.

வட்டியில்லாத் தவணையில் வட்டி இல்லாமல் இல்லை. கிரெடிட் கார்டில் காட்டும் பூஜ்ய வட்டியில், வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லி அதைத் தடை செய்தது. அதன்பின் வட்டிக்குச் சமமான தொகையை விலையில் கழிப்பதாகக் காட்டி, மறுபுறம் வட்டியாக வசூலிக்கும் வழி வந்தது. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், செயலாக்கக் கட்டணமும் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்பவருக்குக் கழிவு கிடைக்கும். கேட்பவர் குறைவு.

போகட்டும், இவையெல்லாம் சில்லறை விஷயம். நான் உட்கார்ந்து இந்த மடலை எழுதக் காரணம் ஜி.எஸ்.டி.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது டிவிக்கு 28 சதவீதம். 2018 ஜூலையில் சிறிய திரைகளுக்கும், 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரைக்கும் 18 ஆக்கினார்கள். அதற்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல்தான் 28 போய் 18 வந்தது. என் தங்கை மகள் கெட்டிக்காரி, ஆடியில் வாங்காமல் காத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு அதே கடைக்குப் போய், அதே டிவியின் அட்டையை மறுபடி படம் எடுத்து அனுப்பினாள்.

கணக்குப் போடுவோம். வரி 28இலிருந்து 18க்கு இறங்கினால் பத்து சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். வரி சேர்ந்த 128 ரூபாய் 118 ஆகிறது, ஆக விலையில் குறைவது எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 64,900 என்ற எம்.ஆர்.பி. 59,830 ஆக வேண்டும். அட்டையில் சரியாக 59,830 என்றே போட்டு அடித்திருந்தது. 38,990 என்ற விற்பனை விலை 35,944 ஆக வேண்டும். அட்டையில் 37,490 இருந்தது. ஓரத்தில் 'ஜி.எஸ்.டி. சலுகை முழுவதும் உங்களுக்கே!' என்று ஒரு வாசகம்.

அந்தக் கடை ஏமாற்றியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பல நிறுவனங்கள் விலைக்குறைப்பை அறிவித்தன, குறைத்தும் இருப்பார்கள். இந்தக் கடை ஆடியில் தன் லாபத்தை விட்டுக்கொடுத்து விற்றிருக்கலாம். கம்பெனி ஸ்கீம் ஆவணியோடு முடிந்திருக்கலாம். என்ன நடந்தது என்று வெளியே இருக்கும் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என் புகார். உங்கள் சட்டம் பார்க்கும் ஒரே விலை எம்.ஆர்.பி. அது ஒழுங்காக இறங்கிவிட்டது. மக்கள் பணம் எண்ணிக் கொடுக்கும் விலைக்கு எங்கும் பதிவில்லை. முன்பாவது வரிக்குறைப்பை விழுங்குகிறவர்கள் மேல் புகார் கொடுக்கக் கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் என்று ஒன்று இருந்தது. அந்த வேலை 2022 டிசம்பரில் போட்டி ஆணையத்துக்கும், 2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. தீர்ப்பாயத்துக்கும் கைமாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை வாங்குவதில்லை என்றும் அறிவித்தாகிவிட்டது. கதவை ஏப்ரலில் சாத்திவிட்டு வரியைச் செப்டம்பரில் குறைத்திருக்கிறோம்.

விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உங்களிடம் விதிகள் இல்லாமல் இல்லை. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம். குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுக்கும் தூண்டில் விளம்பரங்களுக்கு 2022இல் வழிகாட்டுதல் போட்டீர்கள். 2023 நவம்பரில் இணையத்தில் ஆளை மயக்கும் உத்திகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டீர்கள். 'இன்னும் ஒன்றுதான் மிச்சம்' என்று பொய்யாகப் பதற வைப்பது அதில் இருக்கிறது, கடைசிப் படியில் கட்டணத்தைச் சேர்ப்பது இருக்கிறது, கேட்காமலே கூடையில் பொருளைப் போடுவது இருக்கிறது. யாரும் விற்காத விலையைப் போட்டு அடித்துக் காட்டுவது மட்டும் பதின்மூன்றில் இல்லை. தீபாவளிச் சமயத்தில் நாளிதழைப் பிரித்தாலும், எந்த விற்பனைத் தளத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. விலையைக் குறைத்ததாக ஒரு கடை அறிவித்தால், பழைய விலை என்று காட்ட வேண்டியது, அதற்கு முந்தைய 30 நாட்களாவது அந்தக் கடை வைத்திருந்த விலைகளிலேயே மிகக் குறைந்ததை. அங்கும் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு ஜெர்மன் பேரங்காடி வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் விலைக்குறைப்பு விளம்பரம் போட்டது. 30 நாள் குறைந்த விலையைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, சதவீதத்தை மட்டும் அதைவிடக் கூடுதலான விலையிலிருந்து கணக்கிட்டது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. குறைந்த விலையைப் பொடி எழுத்தில் போட்டால் போதாது, சதவீதமும் அதிலிருந்துதான் கணக்காக வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாழைப்பழத் தாருக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நாம் நாற்பதாயிரம் ரூபாய் டிவிக்குச் செய்யலாம்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். எம்.ஆர்.பி. பெட்டியில் அச்சாகி இருக்கட்டும், அது கூரையாகத் தன் வேலையைச் செய்யட்டும். அதைத் தள்ளுபடிக்கு அடிப்படையாகக் காட்டக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். விலையை அடித்துக் காட்ட விரும்பும் கடை, கடந்த 30 நாளில் அந்தப் பொருளுக்குத் தான் வைத்திருந்த ஆகக்குறைந்த விலையை அடிக்கட்டும். சதவீதமும் அதிலிருந்தே வரட்டும். நேற்றுத்தான் வந்த மாடல் என்றால் விலையை மட்டும் போட்டு விற்கட்டும், நட்சத்திரம் வேண்டாம். கடைக்கும் இணையத்துக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். லாபத்துக்கு உச்சவரம்பு கேட்கவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை, தேவையும் இல்லை. டிவியில் இருக்கும் லாபம் எவ்வளவு என்று மேலே சொல்லிவிட்டேன்.

வியாபாரிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆடிக்கு முப்பது நாள் முன்பே விலையை ஏற்றிவைத்து இறக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். செய்யட்டுமே. ஆனி மாதம் முழுக்க 64,900க்கு அட்டை மாட்டி உட்கார்ந்திருந்தால் எதிர்க்கடைக்காரர் சந்தோஷப்படுவார். கண்காணிக்க முடியுமா என்பார்கள். டிவி என்பது கத்தரிக்காய் இல்லை. ஒவ்வொரு பில்லிலும் மாடல் எண் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, அது இல்லாமல் வாரண்டி கிடைக்காது. முப்பது நாள் பில்லை எடு என்று ஒரு ஆய்வாளர் கேட்டால், பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை.

நிஜமாகவே சிக்கலான இடம் ஒன்று உண்டு. ஒரே டிவியை ஆன்லைனுக்கு ஒரு மாடல் எண், கடைக்கு ஒரு மாடல் எண் என்று கடைசி எழுத்தை மட்டும் மாற்றி விடுகிறார்கள். விலையை ஒப்பிட முடியாதபடி செய்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. வாடிக்கையாளர் போனை நீட்டி, "இங்கே இவ்வளவுக்கு இருக்கே" என்பார். "அது வேற மாடலுங்க, பாருங்க, கடைசியில ஒரு எழுத்து வேற" என்று நான் சொன்னது எத்தனை தடவையோ. எழுத்து மாறியதற்காக விலை வரலாறு அழிந்துவிடக் கூடாது என்பதையும் விதி எழுதும்போது சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 30 நாளுக்கு ஒருமுறை ஒரு புது எழுத்து வரும். தமிழில் 247 இருக்கிறது, ஆங்கிலத்திலும் 26க்குக் குறைவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றி இப்போதெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். என் தங்கை மகளும் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கூப்பிட்டு என்ன சொல்வது என்று இருவரும் யோசித்தோம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கவில்லை. பொருளில் பழுதில்லை. விளம்பரத்தில் சொன்ன விலைக்குத்தான் கொடுத்தார்கள். இன்றைய விதிப்படி அவளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. அவள் 37,490 கொடுத்து வாங்கிக்கொண்டாள், எச்.டி.எம்.ஐ. கேபிளை மட்டும் என் கடையிலிருந்து எடுத்துப்போனாள்.

விதி எழுதுவதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் கோவைக்கு வாருங்கள். பகலில் வந்தால் பெட்டிகளைத்தான் காட்டுவார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிராஸ்கட் ரோட்டுக்கு வந்தால், பாதி இறக்கிய ஷட்டருக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உருவிய வெள்ளை அட்டைகளை வாசலில் குப்பைக்கூடையில்தான் போடுவார்கள். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் பத்து மணிக்குக் கடை திறந்ததும் உள்ளே போங்கள்.

இப்படிக்கு,
கிராஸ்கட் ரோட்டில் டிவி விற்றவன்,
கோயம்புத்தூர்